முந்தானையில் துடைத்த கை

எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சுத்தக்காரி. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் எனக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும் பட்டிருக்கிறேன். அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். முட்டையைக் கழுவாமல் வேகவைக்க விடமாட்டேன். கை கழுவாத பிள்ளையின் தட்டில் சோறு விழாது. ஒரு தடவை ஆய்வுக்கு வந்த அதிகாரி செருப்புக் காலோடு சமையல்கூடத்துக்குள் வந்தார். வெளியே கழற்றிவிட்டு வரச் சொன்னேன். கழற்றினார். அந்தக் கதையை நான் சொல்லாத உறவுக்காரர் இந்த வட்டாரத்தில் இல்லை.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் மனைவி, புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேசன் தியேட்டரையும் வார்டையும் கூட்டிக் கழுவுகிற வேலையில் இருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே கொல்லை, கொல்லையில் ஒரே குழாய். கொழுந்தன் லாரியில் ஏறினால் வாரக்கணக்கில் வீடு திரும்பமாட்டார். இவள் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய், நான் பள்ளிக்கூடம் முடித்து வருகிற நேரத்துக்குத் திரும்புவாள். உறவில் யாராவது விசாரித்தால், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். கேட்டவர்கள் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டால் எனக்கொன்றும் குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

வேலைக்குப் போன புதிதில் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் என் வாசல் வழியாக உள்ளே வராதே, கொல்லை வழியாகப் போய்க் குளித்துவிட்டு மற்றதைப் பார் என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவள் சரிக்கா என்றாள். அன்றிலிருந்து மழையானாலும் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாகத்தான் வருவாள். நான் சொன்னால் சொன்னதுதான் என்று அப்போது எனக்கு ஒரே திருப்தி.

என் வீட்டுக்காரர் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவர். ஒரு பங்குனி மாதம், வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவர் குறுக்கே பாய்ந்த ஆட்டுக்காக வண்டியைத் திருப்பி விழுந்தார். ஆட்டுக்கு ஒன்றும் இல்லை. இவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்துபோயிற்று. ஓரகத்தி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். ஆபரேசன் செய்து உள்ளே தகடு வைத்துத் தைத்து, ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தையல் பிரிக்கிற நாளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, அதுவரை கட்டை யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

சொன்னால் எங்கள் பக்கத்தில் கேட்பார்களா? காலொடிந்து கிடப்பவனைப் போய்ப் பார்க்காவிட்டால் அது மூன்று கல்யாணத்துக்குப் பேசப்படும். திருமயத்திலிருந்து என் நாத்தனார் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் கட்டின் மேல் கையை வைத்து, இங்கேயா, இதுக்கும் கீழேயா என்று அமுக்கிப் பார்த்தார்கள். நாத்தனார் கோயில் திருநீற்றை அள்ளிக் கட்டின் மேலேயே பூசிவிட்டார். நானும் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு மறுநாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடம் முடித்து வந்து சோறு போட, இவர் கட்டிலில் சாய்ந்தபடி சாப்பிடும்போது கட்டின் மேல் ரசத்தைக் கொட்டிக்கொண்டார். வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை, அதன்மேல் திருநீறு, ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அழுக்கை அப்படியே விட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வராது. பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து, கொதிக்க வைத்து அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயப்போட்டு எடுத்தேன். சோப்பு போட்டு இரண்டு தடவை கையைக் கழுவினேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

அந்த நேரம் ஓரகத்தி குளித்துவிட்டுக் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்தாள். அவள் பார்வை முதலில் பாதி அவிழ்ந்த கட்டின் மேல் விழுந்தது, பிறகு என் முந்தானையில்.

“அக்கா, பிரிக்காதீங்க. கறை பட்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம். அங்கிட்டு மாத்திக் குடுப்பாங்க” என்றாள்.

“கூட்டித் தொடைக்கிறவ எனக்குச் சுத்தம் சொல்லித் தாரியா?” என்று கேட்டேன்.

கேட்டது நான்தான். மாற்றிச் சொல்வதற்கு வழியில்லை. அவள் முகம் ஒரு கணம் சிறுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் கட்டைப் பிரித்து, தையலைச் சுற்றித் துடைத்து, என் சேலைத்துணியால் வெகு அழகாகக் கட்டிவிட்டேன். பார்த்தவர்கள் நர்ஸ் தோற்றாள் என்றார்கள்.

ஒரு வாரம் போகவில்லை. இவருக்குக் காய்ச்சல் அடித்தது. கால் சிவந்து மினுமினுத்தது. தையலின் நடுவில் ஒரு இடத்தில் சீழ் எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுபடியும் தியேட்டருக்குள் கொண்டுபோய்த் திறந்து கழுவினார்கள். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்ததும் டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். இது தோலிலும் மூக்கிலும் சும்மா குடியிருக்கிற ஒரு கிருமி. சும்மா இருக்கிறவரை தொந்தரவில்லை, வெட்டுக் காயத்துக்குள் நுழைந்தால் ஆபத்து. அதிலும் இது வழக்கமான மருந்துக்கெல்லாம் பழகிப்போன வகை. அந்த மருந்துகள் இதனிடம் எடுபடாது. எடுபடுகிற மருந்தை வாரக்கணக்கில் நரம்பில் ஏற்ற வேண்டும். உள்ளே இரும்புத் தகடு இருப்பதால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகொள்ளும். சளி காய்ச்சலுக்கு மெடிக்கலில் நீங்களே மாத்திரை வாங்கிப் போடுவது உண்டா என்றும் கேட்டார். இவர் எதற்கெடுத்தாலும் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவார், உடம்பு லேசானதும் மீதியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார். அந்தச் சட்டைகளைத் துவைக்கும்போது கரைந்த மாத்திரைகளை நான் எத்தனை முறை எடுத்து எறிந்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறையை விட்டு வெளியே வந்தேன். பழியை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். வராந்தாவில் ஓரகத்தி வாளியோடு நின்றாள். நாலு பேர் பார்க்க அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“நீதானே தெனமும் இதுல பெரண்டு எந்திரிச்சு வாரவ? நீதான் வீட்டுக்குக் கொண்டாந்துட்டே.”

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

“இருக்கலாம்க்கா” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டாளாக அவள் இவர் பக்கத்தில் வரவே இல்லை. வேலைக்காக வரும்போது கையுறை, முகக்கவசம், ஏப்ரன் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவாள். சாப்பாட்டுக் கேரியரை மட்டும் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, தட்டிவிட்டுப் போவாள். திட்டு வாங்கியும் ஒரு வேளை சோறு தவறவில்லை. அதில் தினமும் முட்டை இருந்தது, காயம் ஆறுவதற்கு.

அந்த வாரங்களில் நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு இவருடைய தனியறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். முதலில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் எடுத்த எடுப்பில் தரையைத் துடைக்கத் தொடங்கமாட்டாள். கட்டில் கம்பி, டிரிப்ஸ் தொங்குகிற கம்பி, லைட் சுவிட்ச், கதவுக் கைப்பிடி என்று ஆட்களின் கை படுகிற இடங்களை முதலில் துடைப்பாள். கைப்பிடிக்கு அடிப்பக்கமும் துடைப்பாள், அங்கேதான் விரல் படும் என்பதால். துடைத்த துணியை வாளியில் திரும்ப முக்கமாட்டாள். அது அப்படியே மூடி போட்ட டப்பாவுக்குள் போகும், அடுத்த சாமானுக்கு அடுத்த துணி. சுத்தமான மூலையில் தொடங்கி அழுக்கான மூலையில் முடிப்பாள். தரை எல்லாவற்றுக்கும் கடைசி. அவசரம் கிடையாது, ஆனால் ஒரு நொடி சும்மா நின்றதில்லை. நானும் இருபது வருஷமாகச் சமையல்கூடம் கழுவ வைக்கிறவள். ஒரே துணியால் அடுப்பு, மேடை, ஜன்னல் எல்லாவற்றையும் துடைத்து, அதே துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, சுத்தம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கையுறையைக் கழற்றியதும் கை கழுவுவாள். விரல் இடுக்கு, கட்டைவிரல் தனியாக, நக நுனியை உள்ளங்கையில் தேய்த்து, மணிக்கட்டு வரை. பிறகு இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிலும் துடைக்காமல், காய்கிறவரை நிற்பாள். எனக்கு அது அலட்டலாகத் தெரிந்தது. பெரிய டாக்டர் என்று நினைப்பு என்று இவரிடம் முணுமுணுத்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒருநாள் இளம் டாக்டர் ஒருவர் வேறொரு நோயாளியைப் பார்த்துவிட்டு வேகமாக உள்ளே வந்து, நேராக இவர் காலருகே குனிந்தார். மூலையில் மாப்போடு நின்றவள் நிமிர்ந்து, “சார், கை” என்றாள். சத்தமாகக்கூட இல்லை. அவர் அப்படியே நின்று, திரும்பிப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, தேங்க்ஸ்மா என்றார். அவள் மாப்பைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். செருப்பைக் கழற்றச் சொன்ன கதையை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அவள் இதைத் தினமும் செய்திருப்பாள்போல, வீட்டில் ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று எனக்கு முதல்முதலாக அவள்மேல் மரியாதை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

சீழ் நின்றது, வீட்டுக்கு வந்தோம். மாத்திரை மாதக்கணக்கில் ஓடியது. ஆனால் எலும்பு கூடவில்லை. தகட்டை எடுத்துவிட்டு, கிருமி அடங்கியது உறுதியானதும் எலும்புக்குள் கம்பி வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

தகட்டை எடுத்தார்கள். இன்னும் சில மாதம் காத்திருந்தோம். அதன்பிறகு, கம்பி வைக்கிற நாளைக் குறிக்கும்போது டாக்டர் இவரிடம் மறைக்காமல் சொன்னார்: “இந்தத் தடவையும் கிருமி உள்ள போச்சுன்னா, காலைக் காப்பாத்திருவேன்னு என்னால சொல்ல முடியாதுங்க.”

இவர் காலைக் குனிந்து பார்த்தார். மோட்டார் தூக்க ஒத்தைக் கால் போதுமா டாக்டர் என்று சிரித்தபடி கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

ஆபரேசனுக்கு முன்னால் இவருக்கும், கூட இருந்து பார்த்துக்கொள்கிற ஆளுக்கும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் பரிசோதிப்போம் என்றார்கள். என் ஓரகத்தியையும் பாருங்கள் என்று நான்தான் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். மரியாதை வந்ததாகச் சொன்னேனே, அந்த மரியாதையோடு இந்த நப்பாசையும் கூடவே இருந்தது. அவள் மூக்கில் இருந்துவிட்டால் நான் சொன்னது நிஜமாகிவிடும் அல்லவா?

முடிவைக் கேட்க மூன்று பேரும் போய் நின்றோம். இவர் மூக்கில் இருந்தது. என் மூக்கிலும் இருந்தது. அவளுக்கு இல்லை.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தேடாதீர்கள், அதைக் கண்டுபிடிக்க முடியாது, இனிமேல் செய்ய வேண்டியதைப் பார்ப்போம் என்றார். பிறகு சும்மா கேட்பதுபோல, உங்களுக்குக் கட்டி, கொப்புளம் எதுவும் வருவதுண்டா என்று கேட்டார்.

வேனல் கட்டி வராத ஆள் எங்கள் பக்கத்தில் உண்டா? பங்குனி பிறந்தால் எனக்கு அக்குளில் வந்தே தீரும். சூடு என்போம், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவோம், பழுத்தால் பிதுக்கிவிடுவோம். அன்றைக்கு, ரசம் கொட்டிய அன்றைக்கு, காலையில்தான் ஒன்று உடைந்திருந்தது. சமையல்கூடத்து அனலில் வேர்வையையும் அந்தக் கசிவையும் முந்தானையால்தான் ஒற்றி ஒற்றி எடுத்தேன். மத்தியானம் சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவிய கையை அதே முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் புண்ணைத் தொட்டேன். அவள் அன்று எதைப் பார்த்தாள் என்பது டாக்டர் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பரிமாறிய பிள்ளைகளின் தட்டுகள் வேறு கண்முன் வந்துபோயின.

பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அரிமளம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அவள் குளித்து முடிக்கிற வரை கொல்லையில் நின்று, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கட்டியைச் சொன்னேன், முந்தானையைச் சொன்னேன், வராந்தாவில் அவளைப் பேசியதைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

“எனக்கும் இருந்துச்சுக்கா. ரெண்டு வருசத்துக்கு முந்தி வேலைக்காரங்க எல்லாரையும் பாத்தப்ப, என் மூக்குல இருந்துச்சு. களிம்பு போட்டுச் சரியாச்சு. அதான் நீங்க வராந்தாவுல கேட்டப்ப இருக்கலாம்னு சொன்னேன். திரும்ப ஒட்டிக்கிருச்சோன்னு எனக்கும் பயந்தான்.”

அவள் துண்டைக் கொடியில் விரித்துவிட்டுத் திரும்பினாள்.

“அந்த நேரத்துலதான் நீங்க கொல்லை வழியா வரச் சொன்னீங்க. யாரோ ஒங்ககிட்டச் சொல்லிட்டாங்க, அதான் அத்தானுக்கும் ஒங்களுக்கும் ஒட்டக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். நல்லதாத்தான் பட்டுச்சு. அதுல இருந்து ஒருநாள்கூட விட்டதில்லை.”

நான் என்ன நினைத்து அன்று அப்படிச் சொன்னேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. அதை மட்டும் மறைத்தேன். இத்தனை நாள் என் இளக்காரத்தைக் கரிசனம் என்று எடுத்துக்கொண்டு அவள் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள்.

ஆபரேசனுக்கு முந்திய ஐந்து நாள் எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். எங்கள் இரண்டு பேருக்கும் காலையும் மாலையும் மூக்கில் களிம்பு. தினமும் ஆஸ்பத்திரி கொடுத்த ரோஸ் நிற மருந்தைத் தேய்த்து, உடனே கழுவிவிடாமல் சற்று நேரம் விட்டுக் குளியல். தினமும் துவைத்துக் காய்ந்த விரிப்பு, ஆளுக்குத் தனித்தனித் துண்டு. இவர் தோளில் கிடந்த பழைய துண்டு ஒன்று முகம் துடைக்க, கை துடைக்க, சைக்கிள் செயின் துடைக்க, தலையணைக்கு விரிக்க எல்லாவற்றுக்கும் ஆகும். அதை அவளே எடுத்துக்கொண்டு போனாள், பிறகு நாங்கள் அதைப் பார்க்கவில்லை. இவருக்கு இருக்கிற சுகரைக் கட்டுக்குள் வைக்க டாக்டர் சொன்னபடி சாப்பாட்டையும் மாத்திரையையும் கடிகாரம் பார்த்துக் கொடுக்கச் சொன்னாள். பீடி குடித்தால் எலும்பு கூடாது என்று டாக்டர் சொன்னதால் அதை இவர் ஏற்கெனவே விட்டிருந்தார். விட்டாரா என்று இவர் சட்டையை மோந்து பார்த்து அவள் உறுதி செய்துகொண்டாள்.

நாலாம் நாள் இவர் கொல்லையில் உட்கார்ந்து, காலில் சோப்பு நுரையைத் தடவி, கையில் சவரக் கத்தியோடு இருந்தார். முடியை எடுத்துவிட்டுப் போனால் டாக்டருக்கு வேலை மிச்சம் என்று யோசனை. முதல் ஆபரேசனுக்கு முன்னாலும் இப்படித்தான் செய்துகொண்டு போனாராம், எனக்கே தெரியாது. ஓரகத்தி ஓடிவந்து, அவரிடம் அதுவரை குரல் உயர்த்தாதவள், கத்தியை வாங்கிக்கொண்டாள். பிளேடு கண்ணுக்குத் தெரியாமல் கீறும், ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு ஒரு வாசல், எடுக்க வேண்டியிருந்தால் ஆஸ்பத்திரியிலேயே மிசினால் எடுப்பார்கள் என்றாள். இவர் நுரைக் காலோடு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த வாரத்தில் வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

எனக்கென்று தனியாக ஒன்று செய்தாள். புது மல் வேட்டி ஒன்றைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து, கொதிக்க வைத்துக் காய வைத்து, மூடி போட்ட டப்பாவில் அடுக்கிக் கொடுத்தாள். கை கழுவினால் ஒன்றை எடு, துடை, அழுக்குக் கூடையில் போடு. முந்தானை இடுப்பில் செருகியே இருக்க வேண்டும். பழக்கம் சும்மா விடுமா? கை தானாக முந்தானைக்குப் போகும். அவள் தூரத்தில் இருந்தபடி தொண்டையைச் செருமுவாள்.

ஆபரேசன் அன்று அவளுக்கு வார விடுப்பு. கேட்டு வாங்கி வேலைக்கு வந்து, விடிந்ததும் தியேட்டரை அவளே கழுவித் துடைத்திருக்கிறாள். இவரைத் தள்ளிக்கொண்டு போகும்போது கதவோரம் நின்றாள். அவள் கைகளை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். மருந்துத் தண்ணீரிலேயே கிடந்து தோல் உரிந்து, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தன. இவர் அவளைப் பார்த்து, நீ கழுவின எடம்னா எனக்குப் பயமில்லத்தா என்றார். கதவு மூடியதும் நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

கம்பி வைத்தாயிற்று. இனித் தையல் பிரிக்கிற வரை காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நான் ரசமே வைக்கவில்லை.

நாத்தனார் வழக்கம்போல வேனோடும் திருநீற்றோடும் வந்தார். வாசலில் மறித்தவள் நான்தான். ஒவ்வொருவராகப் போங்கள், கை கழுவிவிட்டுப் போங்கள், கட்டைத் தொடாதீர்கள், திருநீற்றை நெற்றியில் மட்டும் பூசுங்கள் என்றேன். என் தம்பியை நான் தொடுவதற்கு இவ்வளவு சட்டமா, யார் போட்டது என்று கேட்டார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய ஆஸ்பத்திரி வராந்தா என் நினைவுக்கு வந்தது.

“என் ஓரகத்தி போட்டது மதினி. ஆபரேசன் தியேட்டரைக் கூட்டிக் கழுவுறவ. இதுல எனக்கு ஒண்ணுந் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும்” என்றேன்.

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு செருப்பை உதறிவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

பதினாலாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் என் தோளைத் தட்டிப் பாரு என்றார். காலில் ஒரு கோடு, காய்ந்து, சீராக, ஒரு பொட்டுச் சிவப்பில்லாமல் இருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் இல்லீங்க என்று சொல்லித் திரும்பினேன். அவள் அறையிலேயே இல்லை. பக்கத்து வார்டில் யாரோ ஒருவருடைய கட்டில் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எலும்பு மெல்லக் கூடியது. இவர் இப்போது நடக்கிறார், லேசாகத் தாங்கித் தாங்கி. மோட்டாரும் தூக்குகிறார். ஆனால் உள்ளே கம்பி இருக்கிற வரை முழுசாக நிம்மதி என்று கிடையாது. காய்ச்சல் அடித்தால் முதலில் காலைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். மெடிக்கலில் போய் இவராக மாத்திரை வாங்குவது நின்றுவிட்டது. இந்தச் சித்திரையில் எனக்கு மறுபடி ஒரு கட்டி வந்தது. பிதுக்காமல், மூடிக் கட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். ஆறுகிறவரை சமையல்கூடத்துக்கும் போகவில்லை, இவர் பக்கத்திலும் போகவில்லை. என்னவென்று கேட்ட தலைமையாசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

ஓரகத்தியிடம், இனிமேல் வாசல் வழியாகவே வா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். குளிச்சிட்டு வாரேன்க்கா என்று சொல்லிவிட்டு, இன்றைக்கும் கொல்லை வழியாகத்தான் போகிறாள். நானும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் இப்போது வாசலை மிதிப்பதில்லை. சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போய், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் குழாயடியில் முடித்து எழுந்திருக்கிற வரை என் முறைக்காக நிற்கிறேன்.